விடுப்பில்லாத டிசம்பரில் கிறிஸ்துமஸ் செவ்வியல் இசை: வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் எங்களில் பலருக்கு டிசம்பர் விடுமுறை மாதமாக இருப்பதில்லை. நம் நாட்டு நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது என்றாலும், ஐரோப்பிய நிறுவனங்களில் பலவும் டிசம்பர் 31 அன்றே கணக்கை முடிக்கின்றன. அந்தக் கணக்குகளை இங்கிருந்து சரிபார்த்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, ஊரில் குடில் கட்டி நட்சத்திரம் தொங்கவிடும் நாட்களில்தான் வேலை கழுத்தைப் பிடிக்கும். மார்த்தாண்டத்து பேக்கரிகளில் இரவு முழுக்க கேக் சுடுகிறவர்கள், களியக்காவிளை வழியாகப் பேருந்து ஓட்டுகிறவர்கள், மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர்கள் என எல்லோருக்கும் இதே நிலைதான்.

ஒன்பது டிசம்பர்களை நான் இப்படிக் கழித்திருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளில், கைபேசியில் கிடைத்த நீளமான கிறிஸ்துமஸ் இசைத் தொகுப்பு ஒன்றைக் காலையில் ஓடவிட்டு இரவில் நிறுத்துவேன். ஜனவரியில் யோசித்துப் பார்த்தால் ஒரு பாட்டுகூட மனதில் தங்கியிருக்காது. நான்காவது ஆண்டில்தான், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், வேதக் கதையைப் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து சொல்லும் தம்முடைய 'கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ'வை ஒரே அமர்வில் பாடுவதற்காக எழுதவில்லை என்பதையும், ஆறு தனித்தனி நாட்களுக்கு ஆறு பகுதிகளாகப் பிரித்து எழுதினார் என்பதையும் அறிந்தேன். இந்த இசையை உண்டாக்கியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் அந்தப் பருவம் ஓய்வுக் காலமாக இருந்ததில்லை. வேலைக்கு நடுவே நின்று இதைக் கேட்பவர், விடுப்பில் சாய்ந்து கேட்பவரைவிட இதற்கு ஒருபடி நெருக்கமானவர் என்றே நான் நம்புகிறேன். கீழே சொல்லும் ஒழுங்கு முழுவதும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

முதற்படி: நாட்களை எண்ணிக்கொள்ளுதல்

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு தாளை எடுத்து, டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை உங்கள் பணி நேரத்தை எழுதுங்கள். குளிர்காலத்தில் ஜெர்மனியின் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு மாலை நீண்டுகொண்டே போகும். அந்த நேரங்களுக்கு இடையில் உங்களுக்கே உங்களுக்கென்று இருக்கும் சிறு துண்டுகளை வட்டமிடுங்கள். எனக்குக் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரையிலான ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ரயில் பயணம், மாலை டீ நேரம், நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் இருபது நிமிடம் ஆகிய மூன்றும் உண்டு. இசையை இந்தத் துண்டுகளுக்குப் பொருந்துமாறு பிரித்துக்கொள்ள வேண்டும்; முழு மாலையும் கிடைக்கும் நாளுக்காகக் காத்திருந்தால் ஜனவரிதான் வரும்.

ஊரின் நாட்காட்டியையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 அன்று நிறைவடைகிறது. நான் அதற்கு மறுநாள்தான் தொடங்குவேன். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்ததும் அதிகாலைகளில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கத் தொடங்கும். அந்த நேரத்தில் காதில் வேறெதையும் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது என் வழக்கம். வீட்டு முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டே கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

இரண்டாம் படி: நான்கு படைப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

நான்குக்கு மேல் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நான் பரிந்துரைப்பவை கொரெல்லியின் வாத்திய இசையான 'கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ', ஹாண்டெலின் 'மெசையா' என்ற ஓரட்டோரியோவின் முதற்பாகம், சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' என்ற பாலே நடன இசையின் தொகுப்பு, பாக்கின் 'கிறிஸ்துமஸ் ஓரட்டோரியோ' ஆகியவை. முதலாவது ஏறக்குறைய 15 நிமிடம், இரண்டாவது ஒரு மணி நேரத்தை ஒட்டியது, மூன்றாவது அரை மணி நேரத்துக்கும் குறைவு, நான்காவது ஆறு பகுதிகளும் சேர்ந்து இரண்டரை மணி நேரம் அளவில் வரும்.

மேற்கத்திய இசை நம் காதுக்கு அந்நியமானது என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர், அக்காலத்து ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி, சங்கராபரணத்தில் நோட்டுஸ்வரங்களாக நமக்குத் தந்து இருநூறு ஆண்டுகளாகிவிட்டன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். கர்நாடக இசை தெரிந்தவருக்கு 'மேஜர்' ஸ்வர வரிசை சங்கராபரணமாகவும், 'ஹார்மோனிக் மைனர்' வரிசை கீரவாணியாகவும் காதில் விழும். ராகத்தின் கமகம் இதில் இராது. ஸ்வர இடங்களைப் பிடித்துக்கொண்டு நுழைய இது போதுமானது.

மூன்றாம் படி: பதிவுகளை முன்கூட்டியே இறக்கி வைத்தல்

ரயிலில் இணைய இணைப்பை நம்பி ஏறாதீர்கள். பாறசாலை தாண்டியதும் பாட்டு நின்று நின்று வந்தால் அதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே ஒரு பதிவைத் தேர்ந்து, பகுதிகள் வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து இறக்குங்கள். பாக்கின் படைப்பைத் தேடும்போது பட்டியல் எண் 248 என்பதைச் சேர்த்துத் தேடினால் குழப்பம் வராது. நெதர்லாந்து பாக் சங்கம் பாக்கின் படைப்புகளைக் காணொளிகளாக இலவசமாக வெளியிட்டு வருகிறது. வாத்தியங்களைக் கண்ணால் பார்த்துக் கேட்க விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். ஒலியளவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. செவ்வியல் பதிவுகளில் மெல்லிய இடம் மிக மெல்லியதாகவும் உரத்த இடம் மிக உரத்ததாகவும் இருக்கும். ரயில் சத்தத்தை வெல்ல மெல்லிய இடத்தில் ஒலியைக் கூட்டி வைத்தால், அடுத்த நிமிடம் எக்காளம் காதைப் பதம் பார்த்துவிடும். நடைமேடையிலும் சாலையிலும் ஒரு காதைத் திறந்தே வையுங்கள்.

நான்காம் படி: எந்த வேலைக்கு எந்த இசை

இதை நான் ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பரில் வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது காதில் 'மெசையா'வின் 'அல்லேலூயா' கோரஸ் ஓடிக்கொண்டிருந்தது. முடிவில் 360 வித்தியாசம் வந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, 5,480 என்பதை 5,840 என்று அடித்திருந்ததைக் கண்டேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் அந்தக் கோரஸின் டெனர் எனும் ஆண்களின் மேல்குரலை, ஸ்வரங்களை எழுத்துகளால் காட்டும் சோல்ஃபா குறிப்பு பார்த்துப் பல ஆண்டுகள் பாடியவன் நான். பாட்டு காதில் விழுந்ததும் தொண்டை தானாகவே என் பகுதியைத் தேடிப் போகிறது; விரல் பின்தங்கிவிடுகிறது.

எனவே இலக்கங்களோடு போராடும் வேலைக்கு, நீங்கள் பாடியிராத வாத்திய இசையை மட்டும் வையுங்கள். கோப்புகளை அடுக்குவது, பெயர் மாற்றுவது, அச்செடுப்பது, கேக் பெட்டிகளில் லேபிள் ஒட்டுவது போன்ற வேலைகளுக்குக் கோரஸ் இசை நன்றாகப் பொருந்தும். புரியாத ஜெர்மன் சொற்கள் கவனத்தைப் பிடித்து இழுப்பதும் இல்லை. மின்னஞ்சல் எழுதும்போதும், மனிதர்களோடு பேசித் தீர்க்க வேண்டிய வேலையின்போதும் எதுவும் வேண்டாம்.

மௌனத்தையும் திட்டத்தின் பகுதியாகவே கருதுங்கள். பாக் வாழ்ந்த லைப்சிக் நகரத் தேவாலயங்களில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கழிந்தபின் கிறிஸ்துமஸ் வரை வாத்தியங்களோடு கூடிய பெரிய இசை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த அமைதிக்குப் பிறகு டிசம்பர் 25 காலையில் முரசு ஒலித்தபோது சபையார் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 22, 23, 24 பகல் ஆகிய நாட்களில் நான் எதையும் கேட்பதில்லை.

ஐந்தாம் படி: வாரவாரியாகக் கேட்டல்

முதல் வாரம் கொரெல்லிக்கு உரியது. ஆர்க்காஞ்சலோ கொரெல்லி 1713 ஜனவரியில் இறந்தார். இந்தக் கான்செர்ட்டோ அடங்கிய தொகுதி அதற்கு அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. 'கிறிஸ்து பிறப்பின் இரவுக்காகச் செய்யப்பட்டது' என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். தந்தி வாத்தியங்களையே முதன்மையாகக் கொண்ட இது பெரும்பாலும் சோகச் சாயலுள்ள 'மைனர்' வரிசையில் நடந்து, கடைசிப் பகுதியில் 'மேஜர்' வரிசைக்குத் திறந்துகொள்கிறது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நீங்கள் நாள்தோறும் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸை ஒட்டி மலையிலிருந்து ரோம் நகரத்துக்கு இறங்கிவந்து தெருக்களில் துருத்தி வாத்தியமும் குழலும் வாசித்த ஆயர்களின் இசையை அது வயலினில் பாவிக்கிறது. கீழே ஒரே ஸ்வரம் நீண்டு நிற்க, மேலே மெட்டு தாலாட்டுப் போல ஆடும். முதல் முறை கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது, நாகஸ்வரத்துக்குப் பின்னால் கன்னம் உப்ப ஒத்து ஊதிக்கொண்டு நிற்பவர்தான். அவரில்லாமல் நாகஸ்வரம் இல்லை. அந்த நீண்ட ஸ்வரம் இல்லாமல் இந்த ஆயர் இசையும் இல்லை. லயம் மும்மூன்றாக விழுவதால் திஸ்ர நடையைத் தொடையில் தட்டியே பின்தொடரலாம். முழுக் கான்செர்ட்டோவும் பாறசாலையில் தொடங்கினால் நெய்யாற்றின்கரைக்குள் முடிந்துவிடும்.

இரண்டாம் வாரம் 'மெசையா'வுக்கு. ஹாண்டெல் இதை 1741 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கி செப்டம்பர் 14 அன்று முடித்தார், 24 நாட்கள். முதல் நிகழ்ச்சி 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்தது. அதன் வருவாய் கடனுக்காகச் சிறையிலிருந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது. கூட்டம் அதிகம் கொள்ள வேண்டும் என்பதற்காக, பெண்கள் விரிந்த வளையப் பாவாடையையும் ஆண்கள் வாளையும் தவிர்த்து வரும்படி வேண்டிக்கொண்டார்கள். இது உண்மையில் மூன்று பாகங்கள் கொண்டது. கிறிஸ்து பிறப்பு முதற்பாகத்தில் மட்டுமே வருகிறது. எல்லோரும் அறிந்த 'அல்லேலூயா' இரண்டாம் பாகத்தின் முடிவில், பாடுகளுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் பிறகு வருவது. ஆகவே அதை ஈஸ்டருக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, முதற்பாகத்தை மூன்று ரயில் பயணங்களுக்குப் பங்கிட்டுக் கேளுங்கள். நடுவில் 'பிஃபா' என்ற சிறு வாத்தியப் பகுதி வரும்போது கவனியுங்கள்: கீழே நீண்டு நிற்கும் ஸ்வரம், மேலே தாலாட்டு. சென்ற வாரத்து அதே ஆயர்கள்தான். இளமையில் இத்தாலியில் இருந்த ஹாண்டெலின் படைப்பொன்றை ரோமில் கொரெல்லியே தலைமை தாங்கி வாசித்திருக்கிறார் என்பதை அறிந்தால், இந்த ஒற்றுமை இன்னும் துலங்கும்.

மூன்றாம் வாரத்தில், அதாவது உடல் சோர்ந்து கண் எரியத் தொடங்கும் நாட்களில், 'நட்கிராக்கர்' போதும். தனித்தனி நடனங்களில் பல இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிவதால் டீ நேரத்துக்கு அளவெடுத்ததுபோல இருக்கும். பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அதில் மணிகளைப் போல ஒலிக்கும் சிலெஸ்டா அப்போது புதிய வாத்தியம். வேறு ரஷ்ய இசையமைப்பாளர்கள் தமக்கு முன்பே பயன்படுத்திவிடக் கூடாது என்று சைக்கோவ்ஸ்கி அதைப் பாரிசிலிருந்து இரகசியமாக வரவழைத்தார்.

ஆறாம் படி: டிசம்பர் 24 இரவு

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918 முதல் நடந்துவரும் ஒன்பது வாசகங்களும் பாடல்களும் கொண்ட ஆராதனை, பிபிசி வானொலியில் நேரலையாக ஒலிபரப்பாகும். அங்கே பிற்பகல் 3 மணி; நமக்கு இரவு எட்டரை. தொடக்கப் பாடலின் முதல் அடிகளை வாத்தியத் துணையே இல்லாமல் ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான். அவன் யார் என்பதைப் பாடுவதற்குச் சற்று முன்புதான் இசை இயக்குநர் கைகாட்டி முடிவு செய்வார்.

இதற்கு மட்டும் பதினைந்து நிமிடம் இடைவேளை கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே மேலாளரிடம் சொல்லிவைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஓர் ஆண்டு எங்கள் தளத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, கைபேசியை எஃகு டம்ளருக்குள் நிறுத்தி ஒலியைக் கூட்டினேன். சுற்றிப் பார்க்க வந்த காவலர் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரும் எல்லைக்கு இந்தத் தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர்தான். "தம்பி, சின்னப் பயலா பாடுகான்?" என்று கேட்டார். "ஆமா அண்ணே, இப்பத்தான் கைகாட்டியிருப்பாங்க" என்றேன். பாட்டு முடியும் வரை டார்ச்சை அணைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பொட்டலத்திலிருந்து இரண்டு முந்திரிக்கொத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு அடுத்த தளத்துக்கு ஏறிப் போனார்.

ஏழாம் படி: பாக்குடன் ஆறு நாட்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. 1734-ஆம் ஆண்டு டிசம்பர் 25, 26, 27, பிறகு 1735 ஜனவரி 1, 2, 6 ஆகிய ஆறு நாட்களில் இந்த ஆறு பகுதிகளும் லைப்சிக்கில் முதன்முதலாகப் பாடப்பட்டன. அவற்றில் நான்கு பகுதிகள் ஒரே நாளில் இரண்டு முறை, காலையில் ஒரு தேவாலயத்திலும் பிற்பகலில் மற்றொன்றிலும் பாடப்பட்டன. செயின்ட் நிக்கோலஸிலிருந்து செயின்ட் தாமஸுக்குக் குளிரில் நடந்துபோய் மறுபடியும் பாடியவர்கள், பாக் இசைக்குப் பொறுப்பேற்றிருந்த பள்ளியின் மாணவர்கள். புத்தாண்டுக் காலத்தில் தெருத்தெருவாகப் பாடிப் பணம் சேர்க்கும் வழக்கமும் அந்தப் பள்ளிக்கு இருந்தது. நம்மூரில் இரவெல்லாம் கேரல் ரவுண்ட்ஸ் போய், கட்டிய தொண்டையோடு மறுநாள் ஆராதனையில் பாடும் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பாக் எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் இல்லை. முதற்பகுதியின் தொடக்கக் கோரஸ், அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் அரசியின் பிறந்தநாளுக்காக அவர் எழுதிய இசை. 'முரசுகளே முழங்குங்கள்' என்ற அந்தப் பழைய சொற்களுக்கு ஏற்பத்தான் இசை முரசில் தொடங்குகிறது. சொல்லை மாற்றிய பிறகும் முரசு அப்படியே நின்றுவிட்டது. வேலை நெருக்கும்போது முன்பு நன்றாகச் செய்ததை எடுத்து இன்னும் நல்ல இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய திறமை என்பதை இந்தக் கோரஸைக் கேட்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

கேட்கும் முறை எளிது. டிசம்பர் 25 அன்று முதற்பகுதி, 26 அன்று இரண்டாவது, 27 அன்று மூன்றாவது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம் என்பதால் ஒரு ரயில் பயணத்துக்குள் அடங்கும். முதல் நாள் எக்காளமும் முரசும் நிறைந்திருக்கும். இரண்டாம் நாள் அவை எதுவும் இல்லாமல், குழல் வகை வாத்தியங்களும் தந்திகளும் மட்டும் மும்மூன்றாக ஆடும் ஒரு தொடக்கம் வரும். மூன்று வாரங்களாக உங்களோடு நடந்த ஆயர்கள் அங்கே மறுபடியும் நிற்பார்கள். 28 முதல் 31 வரை எதையும் கேட்காதீர்கள். கணக்கு முடிக்கும் கடைசி நாட்களில் எப்படியும் காது எதையும் வாங்காது. ஜனவரி 1 அன்று நான்காவது பகுதியைக் கேளுங்கள். அதில் ஒரு பெண் குரல் கேள்வி கேட்க, தொலைவிலிருந்து இன்னொரு குரல் எதிரொலியாகப் பதில் சொல்லும் பாட்டு உண்டு. அன்று பிற்பகல் 3.45-க்கு வியன்னா புத்தாண்டு இசை நிகழ்ச்சியும் நேரலையாக வரும். நம் ஜூபின் மேத்தா 1990 தொடங்கி ஐந்து முறை அதை நடத்தியிருக்கிறார். வேலையிலிருப்பவர்கள் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் பிடித்தாலும் போதும். ஐந்தாவது பகுதியைப் புத்தாண்டுக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமைக்கோ, அந்த ஞாயிறு 6-ஆம் தேதியைத் தாண்டிவிடுமானால் 2-ஆம் தேதிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஜனவரி 6

இதற்குள் ஊரில் நட்சத்திரங்களைக் கழற்றத் தொடங்கியிருப்பார்கள். வேலைநாளாக இருந்தால் ஆறாவது பகுதியைத் திரும்பும் ரயிலுக்கு வையுங்கள். கடைசி மூன்றரை நிமிடத்துக்கு வரும்போது வேறெதையும் செய்யாமல் இருங்கள். எக்காளங்களும் முரசும் முதல் நாளைப் போலவே எழும்பி நிற்கும். அவற்றுக்கு நடுவே கோரஸ் ஒரு பழைய மெட்டை வரிவரியாக நிறுத்திப் பாடும். பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் தமிழில் பாடுகிறோமே, சிலுவையில் அறையப்பட்டவரின் காயங்களைப் பற்றிய அந்த ஞானப்பாட்டின் மெட்டுதான் அது. முதற்பகுதியிலும் அது ஒருமுறை அமைதியாக வந்து போயிருக்கும். டிசம்பர் 25 அன்று அநேகமாகக் கவனித்திருக்க மாட்டீர்கள். அதே மெட்டு இப்போது வெற்றி முழக்கமாக வரும். நெய்யாற்றின்கரை தாண்டியபின் இந்தப் பகுதியைத் தொடங்கினால், வண்டி குழித்துறையில் வேகம் குறைக்கும்போது அந்த இடம் வரும். இறங்க அவசரப்படாமல் கதவோரம் நின்று முடியும் வரை கேளுங்கள்.